நோ ஏஞ்சல்ஸ்: ஐந்து பெண்கள், பல முதலிடம், அப்புறம் ஒரு நீண்ட இறக்கம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

யார் இந்த நோ ஏஞ்சல்ஸ்?

ஜெர்மனியின் பாப் பாடகிகள் குழு. 2000-ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு டிவி தேர்வு நிகழ்ச்சி மூலம் சேர்க்கப்பட்ட ஐந்து பெண்கள். 2001-லிருந்து 2003 வரை ஜெர்மனியில் ரேடியோவைத் திருப்பினால் இவர்கள் குரல்தான். 50 லட்சத்துக்கும் மேல் இசைத்தட்டுகள் விற்றிருக்கிறார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த பெண்கள் குழுக்களிலேயே அதிகம் விற்றது இவர்களுடையதுதான் என்று சொல்வார்கள். ஜெர்மன் குழு என்றாலும் பாடியதெல்லாம் ஆங்கிலத்தில்.

ஐந்து பேர் யார் யார்?

லூசி டியாகோவ்ஸ்கா, பல்கேரியாவில் பிறந்தவர், சிவப்புத் தலைமுடிக்காரர், ஐவரில் மூத்தவர், மேடை இசை நாடகம் படிக்க ஹாம்பர்க் வந்தவர். சாண்டி மெல்லிங், வுப்பர்டாலைச் சேர்ந்தவர். வனேசா பெட்ருவோ, பெர்லின்காரர். நாட்யா பெனைசா, பிராங்க்பர்ட்டைச் சேர்ந்தவர், ஐவரில் இளையவர், குழுவில் சேரும்போது 18 வயது, அதற்குள் கையில் ஒரு பெண் குழந்தை. ஜெசிக்கா வால்ஸ், அவரும் பிராங்க்பர்ட் பக்கம்தான்.

இந்தப் பட்டியலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லூசி பல்கேரியாவில் பிறந்தவர் என்பதும், நாட்யா 18 வயதிலேயே தாய் என்பதும் பின்னால் வரும்.

டிவி நிகழ்ச்சியில் சேர்த்து வைத்த குழுவா? அப்படியென்றால் செயற்கையானதுதானே?

இந்தக் கேள்வி 2001-லேயே கேட்கப்பட்டது, இன்னும் நிற்கவில்லை. நான் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

நடந்தது இதுதான். 1999-ல் நியூசிலாந்தில் 'பாப்ஸ்டார்ஸ்' என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. கேமரா முன்னால் பெண்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, ஒரு குழு ஆக்கி, அது முதல் பாட்டைப் பதிவு செய்வது வரை காட்டுவது. அங்கே அப்படி உருவானது ட்ரூபிளிஸ் என்ற குழு. அப்புறம் ஆஸ்திரேலியா, ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா என்று ஒவ்வொரு நாடும் அதை வாங்கியது. ஜெர்மனியில் ஆர்டிஎல் 2 சேனல் 2000-ல் ஒளிபரப்பியது. ஆயிரக்கணக்கான பெண்கள் குரல் தேர்வுக்கு வரிசையில் நின்றார்கள். எம்டிவியில் தொகுப்பாளராக இருந்த சிமோன் ஏஞ்சல் நடுவர்களில் ஒருவர். நடனப் பயிற்சிக்கு டெட்லெஃப் சூஸ்ட், அவர் கத்துகிற கத்தல் ஜெர்மனி முழுக்கப் பிரபலம். ஸ்பெயினின் மயோர்கா தீவில் ஒரு பயிற்சி முகாம். வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் ஐந்து பேர்.

சரி, சேர்த்து வைத்தது டிவிதான். பாடியது யார்? ஐந்து பேருக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத குரல். நாட்யாவுக்கு ஆர் அண்ட் பி பாடகியின் அடர்த்தியான குரல், வனேசாவுக்கு அழுத்தம், சாண்டியுடையது தெளிந்த பாப் குரல், லூசி நாடக மேடையிலிருந்து வந்தவர். இதே நிகழ்ச்சியால் பிரிட்டனில் உருவான ஹியர்சே குழு இரண்டு வருடம்கூடத் தாங்காமல் 2002-ல் கலைந்தது. அமெரிக்காவின் ஈடன்ஸ் கிரஷ் அதைவிடச் சீக்கிரம் காணாமல் போனது. ஒரே நிகழ்ச்சி, ஒரே சூத்திரம். ஜெர்மனியில் மட்டும் மூன்று வருடம் நின்றது என்றால் அந்தப் பெருமையைச் சூத்திரத்துக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் பாட்டு எப்படி அவ்வளவு பெரிய ஹிட் ஆனது?

'டேலைட் இன் யுவர் ஐஸ்', 2001 பிப்ரவரியில் வந்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றிலும் விற்பனைப் பட்டியலில் முதலிடம்.

மக்கள் மாதக்கணக்கில் இந்தப் பெண்கள் அழுததையும் விழுந்து எழுந்து ஆடிப் பழகியதையும் வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், பாட்டு கடைக்கு வந்த நாளில் அது ஏற்கெனவே அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் பாட்டாகிவிட்டது என்பது ஒரு காரணம். ஆனால் அது முதல் வாரத்துக்கு மட்டும்தான் பதில். அதற்கு மேலும் நின்றது பாட்டின் பலத்தால். இது இவர்களுக்காகவே எழுதப்பட்டதும் இல்லை, விக்டோரியா ஃபயெல்லா என்ற அமெரிக்கப் பாடகி முன்பே பாடியிருந்த பாட்டு. அதை எடுத்து இவர்களுக்குத் தைத்துக் கொடுத்தார்கள். ஒருத்தி ஒரு வரி பாடி முடிக்கும் இடத்தில் இன்னொருத்தி எடுத்துக்கொள்வாள், பல்லவி வரும்போது எல்லாரும் சேர்ந்து ஒரே அலையாக எழும்புவார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்கூட இப்போது யார் பாடுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். பல பெண்கள் குழுக்களில் அது முடியாது, எல்லாக் குரலையும் ஒரே மாவில் பிசைந்துவிடுவார்கள்.

உச்சத்தில் என்னென்ன செய்தார்கள்?

2001 மார்ச்சில் முதல் ஆல்பம் 'எலமென்ட்ஸ்', ஜெர்மனியில் முதலிடம். அதே வருடம் பிரிட்டனின் யூரித்மிக்ஸ் இரட்டையர் பாடிய 1985 பாட்டு 'தேர் மஸ்ட் பி அன் ஏஞ்சல்', அதுவும் முதலிடம். ஏஞ்சல்கள் இல்லை என்று பெயர் வைத்துக்கொண்டு ஏஞ்சல் பாட்டைப் பாடியது, அந்தப் பெயர்ப் பொருத்தம் எனக்கு இப்போதும் பிடிக்கும். அப்புறம் ஸ்காட்லாந்துப் பாடகர் டோனவனோடு சேர்ந்து அவருடைய பழைய 'அட்லாண்டிஸ்' பாட்டு. 2002-ல் ஜெர்மன் இசைத்துறையின் எக்கோ விருது.

2002 ஜூனில் இரண்டாவது ஆல்பம் 'நவ்... அஸ்!'. அதிலிருந்து வந்த 'சம்திங் அபவுட் அஸ்' மறுபடியும் முதலிடம். இதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும், ஏனென்றால் இதை எழுதியவர்களில் வனேசாவும் ஒருவர். பத்திரிகைகள் தங்களைப் பற்றி நாளுக்கொரு வதந்தி எழுதுவதைப் பற்றிய பாட்டு. ஒன்றரை வருடம் முன்னால் நடுவர்கள் முன் நம்பர் குத்திக்கொண்டு நின்ற பெண், தானே எழுதிய பாட்டை நாட்டின் முதலிடத்துக்குக் கொண்டுபோகிறார். செயற்கைக் குழு என்று சொன்னவர்கள் அந்த வாரம் என்ன சொன்னார்களோ.

அதே வருடக் கடைசியில் ட்ரம்பெட் கலைஞர் டில் ப்ரோன்னரோடு சேர்ந்து ஸ்விங் ஆல்பம், தங்கள் ஹிட்களையே பெரிய ஜாஸ் இசைக்குழு வைத்து மறுபடி பாடியது. பாப் குழு செய்யத் துணியாத வேலை. எனக்கு அவர்களுடைய ஆல்பங்களில் மனசுக்கு நெருக்கமானது அதுதான்.

ஜெசிக்கா ஏன் விலகினார்?

2002-ல் கர்ப்பமானார், வருடக் கடைசியில் விடுப்பு எடுத்தார், 2003 மார்ச்சில் குழந்தை பிறந்தது, திரும்பி வரவில்லை. இடைவெளி கொடுத்துக் காத்திருக்கும் வேகத்தில் அந்தக் குழு ஓடவில்லை. ஏப்ரலில் அடுத்த சிங்கிள் (ஆல்பத்திலிருந்து தனியாக வெளியிடும் பாட்டு) வந்தபோது நான்கு பேர்தான் இருந்தார்கள்.

2003-ல் ஏன் கலைந்தார்கள்? பாட்டு விற்காமல் போனதா?

இல்லை, இல்லை, இல்லை. எல்லாரும் தப்பாகச் சொல்வது இதைத்தான், அதனால் தேதியோடு சொல்கிறேன். மூன்றாவது ஆல்பம் 'ப்யூர்' 2003 ஆகஸ்ட் கடைசியில் வந்தது. ஜெர்மனியில் முதலிடம். அடுத்த மாதமே, செப்டம்பரில், குழு கலைகிறது என்ற அறிவிப்பு. முதலிடத்தில் இருக்கும்போதே கடையைச் சாத்தினார்கள்.

காரணமாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: களைப்பு. அதைச் சாக்கு என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். 2001 மார்ச்சிலிருந்து 2003 ஆகஸ்ட் வரை இரண்டரை வருடம். அதற்குள் மூன்று ஸ்டுடியோ ஆல்பம், ஒரு ஸ்விங் ஆல்பம், டஜனுக்குப் பக்கத்தில் சிங்கிள்கள், ஒவ்வொன்றுக்கும் வீடியோ, ஒவ்வொன்றுக்கும் டிவி சுற்று, நடுவில் ஊர் ஊராகக் கச்சேரிப் பயணம், பத்திரிகைப் பேட்டி, படப்பிடிப்பு. ஒரு ஆல்பம் முடிந்தால் ஒரு வருடம் மூச்சு வாங்குவது எந்தக் கலைஞருக்கும் வழக்கம். இவர்களுக்கு அது கிடைக்கவில்லை. டிவி குழு என்றால் ஜனங்கள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள், சூடாக இருக்கும்போதே விற்றுவிட வேண்டும் என்பது அந்தத் தொழிலின் கணக்கு. மறந்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஓட்டி ஓட்டி, மக்கள் மறப்பதற்கு முன்னால் அந்தப் பெண்களே உட்கார்ந்துவிட்டார்கள். நாட்யாவுக்கு வீட்டில் நான்கு வயதை எட்டும் மகள் வேறு.

இது எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆறு மாதம் விடுப்பு கொடுத்திருந்தால் நான்காவது ஆல்பம் வந்திருக்கும் என்று முழுசாக நம்புகிறேன். ஆல்பம் கேட்டவர்கள் இருந்தார்கள், பாடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், நேரம் மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

அப்புறம் ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள்?

தனித்தனியாகப் பாடிப் பார்த்தார்கள். சாண்டியின் 'அன்நேச்சுரல் ப்ளாண்ட்' பாட்டு 2004-ல் முதல் பத்துக்குள் போனது, வனேசாவும் ஒரு தனி ஆல்பம் போட்டார். யாருக்கும் ஐந்து பேராக இருந்தபோது வந்த கூட்டம் வரவில்லை.

2007-ல் திரும்பி வந்தார்களே?

வந்தார்கள், வனேசா இல்லாமல். ஜெசிக்கா திரும்பிச் சேர்ந்துகொண்டார். 'குட்பை டு யெஸ்டர்டே' என்ற சிங்கிளும் 'டெஸ்டினி' ஆல்பமும் இரண்டுமே ஜெர்மனியில் நான்காம் இடம் வரை போயின. நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்த நான்கு வருடத்தில் உலகம் மாறியிருந்தது. கடையில் சிடி வாங்கும் பழக்கம் குறைந்துகொண்டே வந்தது, அதே பாப்ஸ்டார்ஸ் நிகழ்ச்சியிலிருந்து 2006-ல் மோன்ரோஸ் என்று புதிய பெண்கள் குழு வந்து இளைய ரசிகர்களை எடுத்துக்கொண்டது. இவர்களே திறந்துவிட்ட வாசல் அது.

யூரோவிஷனில் என்ன ஆனது?

இதை மெதுவாகச் சொல்கிறேன்.

யூரோவிஷன் என்பது ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டோடு மோதும் வருடாந்திரப் பாட்டுப் போட்டி. 2008 மார்ச்சில் ஹாம்பர்க்கில் அதற்கான ஜெர்மனியின் தேசியத் தேர்வு. கடைசிச் சுற்றில் இவர்களும் இசை நாடகப் பாடகி கரோலின் ஃபோர்டன்பாகரும். தொலைபேசி வாக்கு 50.5 சதவீதம், 49.5 சதவீதம். மயிரிழையில் ஜெயித்தார்கள். பாட்டு 'டிஸப்பியர்'.

மே 24, செர்பியாவின் பெல்கிரேடு அரங்கம். 25 நாடுகள் இறுதிப் போட்டியில், நோ ஏஞ்சல்ஸ் நான்காவதாக மேடை ஏறினார்கள். அவ்வளவு சீக்கிரம் பாடினால் வாக்களிக்கும் நேரம் வருவதற்குள் ஜனங்கள் மறந்துவிடுவார்கள், அது ஒரு குறை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், அன்று பாட்டும் நன்றாக அமையவில்லை. சுருதி விலகியது. நான்கு பேரும் தனித்தனியாக நல்ல பாடகிகள், அந்த மூன்று நிமிடத்தில் ஒருவரோடு ஒருவர் சேரவில்லை. இன்றும் அந்தப் பதிவைப் பார்க்கும்போது பல்லவி வரும் இடத்தில் என் கை தானாக ஒலியைக் குறைக்கப் போகிறது.

வாக்கு எண்ணிக்கை அதைவிட நீளம். 43 நாடுகள் ஒவ்வொன்றாக மதிப்பெண் சொல்ல வேண்டும். நாடு நாடாகப் போகிறது, ஜெர்மனிக்கு ஒன்றுமில்லை. சுவிட்சர்லாந்து 2 கொடுத்தது. பல்கேரியாவின் முறை வந்தபோது 12, முழு மதிப்பெண். லூசி பிறந்த நாடு, தங்கள் ஊர்ப் பெண்ணைக் கைவிடவில்லை. மீதி 40 நாடுகள் சேர்ந்து பூஜ்யம். மொத்தம் 14. பிரிட்டனுக்கும் போலந்துக்கும் அதே 14, மூவரும் சேர்ந்து அட்டவணையின் அடியில், ஜெர்மனிக்கு 23-ஆம் இடம்.

தோல்வி எல்லாருக்கும் வருவதுதான். ஆனால் இது ஐரோப்பா முழுக்கப் பார்த்த தோல்வி. ஜெர்மன் பத்திரிகைகள் சும்மா இருக்கவில்லை. ஏழு வருடம் முன்னால் தலையில் வைத்து ஆடிய அதே பத்திரிகைகள்.

நாட்யா பெனைசா வழக்கு என்ன?

இதைப் பற்றி இணையத்தில் குப்பையாக எழுதியிருக்கிறார்கள், அதனால் நடந்ததை மட்டும்.

2009 ஏப்ரலில் பிராங்க்பர்ட்டில் ஒரு நிகழ்ச்சிக்கு முன்னால் அவரைக் கைது செய்தார்கள். தனக்கு எச்ஐவி இருப்பது தெரிந்தும் சொல்லாமல், பாதுகாப்பில்லாமல் உறவு கொண்டார் என்பது குற்றச்சாட்டு. 2010 ஆகஸ்ட் 26-ல் டார்ம்ஸ்டாட் நீதிமன்றம் இரண்டு வருட சிறைத் தண்டனை விதித்து அதை நிறுத்தி வைத்தது, 300 மணி நேரம் சமூக சேவையும் செய்யச் சொன்னது. அவர் நீதிமன்றத்தில் தவறை ஒப்புக்கொண்டார், மன்னிப்பும் கேட்டார்.

இரண்டு விஷயம் எனக்குச் சொல்ல இருக்கிறது. ஒரு மனிதருக்குத் தொற்று ஏற்பட்டது, அவருடைய வாழ்க்கை மாறியது, ரசிகர் என்பதற்காக அதை நான் மூடி மறைக்க மாட்டேன். அதே சமயம், விசாரணை தொடங்குவதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் முன்னாலேயே அவருடைய மருத்துவ விவரம் அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து ஊர் முழுக்கப் பரவியதே, அது நியாயமில்லை. எந்த மனிதருக்கும் அந்த விவரம் அவருடைய சொந்தம். ஜெர்மனியின் எய்ட்ஸ் உதவி அமைப்பும் அந்தத் தீர்ப்பை விமர்சித்தது: பொறுப்பு முழுவதையும் எச்ஐவி உள்ளவர் தலையில் மட்டும் ஏற்றுவது சரியில்லை என்று. இன்று முறையாக மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவாது என்பது மருத்துவம் உறுதியாகச் சொல்வது. அந்த நாளின் தலைப்புச் செய்திகளில் மருத்துவத்துக்கு இடமிருக்கவில்லை.

அந்தச் சமயத்தில் குழு என்ன ஆனது?

கைது நடந்த அதே 2009-ல், செப்டம்பரில் 'வெல்கம் டு தி டான்ஸ்' ஆல்பம் வெளியானது. 26-ஆம் இடம். முதலிடத்துக்குக் குறைந்து ஏற்காத பழைய நாட்களை நினைத்தால் அந்த எண்ணே போதும். பேட்டிக்குப் போனால் பாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தீர்ப்பு வந்த பிறகு 2010 செப்டம்பரில் நாட்யா விலகினார், மூவர் மீந்தார்கள், அதன் பிறகு சத்தமே இல்லாமல் அடங்கிப்போனது.

ஆக, வீழ்ச்சிக்கு யார் காரணம்?

ஒரு வீழ்ச்சி இல்லை, மூன்று. மூன்றையும் ஒன்றாகக் கட்டிவிடுவதால்தான் குழப்பம். 2003-ல் நடந்தது விழுந்தது இல்லை, ஓட முடியாமல் நின்றது. பெல்கிரேடில் நடந்தது ஒரு மோசமான இரவு, அதற்கு அவர்களே பொறுப்பு. 2009-ல் நடந்தது ஒரு தனி மனித வாழ்க்கையின் துயரம், அதைப் பாப் குழுவின் கதையில் ஒரு அத்தியாயமாக எழுதுவதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் வேர் முதலாவதில் இருக்கிறது. 2003-ல் ஓய்வு கிடைத்திருந்தால், 2007-ல் வனேசா இல்லாமல் பழைய பெயரை மறுபடி நிலைநாட்ட வேண்டிய அவசரம் வந்திருக்காது, யூரோவிஷனில் போய் நிற்க வேண்டிய தேவையும் வந்திருக்காது.

இப்போது இருக்கிறார்களா?

2020-ன் கடைசியில் அவர்களுடைய பழைய பாட்டுகள் ஸ்ட்ரீமிங்கில் வந்தன, உடனே கேட்பவர்கள் குவிந்தார்கள், பழைய ரசிகர்கள் வளர்ந்து முப்பதைத் தாண்டியிருந்தார்கள். 2021-ல் லூசி, சாண்டி, நாட்யா, ஜெசிக்கா நால்வரும் சேர்ந்து '20' என்று ஒரு ஆல்பம் போட்டார்கள், பழைய ஹிட்கள் புது வடிவத்தில், கூடக் கொஞ்சம் புதுப் பாட்டு. ஜூனில் வெளியானது. ஜெர்மனியில் முதலிடம், 'ப்யூர்' வந்து 18 வருடம் கழித்து. அந்தச் செய்தியைப் படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன்.

வனேசா எங்கே?

அவர் திரும்பவில்லை. உளவியல் படித்து, மூளை நரம்பியல் ஆராய்ச்சிக்குப் போய்விட்டார்.

லூசி?

2024-ல் ஜெர்மன் டிவியின் காட்டு முகாம் நிகழ்ச்சியில், ஆஸ்திரேலியாவில் பூச்சி, பசி, மழை எல்லாம் தாங்கி, பார்வையாளர் வாக்கில் ஜெயித்துப் பட்டம் வாங்கினார். கவனித்தீர்களா, 2000-லும் டிவி முன்னால் உட்கார்ந்து அவரைப் பார்த்தார்கள், 24 வருடம் கழித்தும் அதே.

புதிதாகக் கேட்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

'டேலைட் இன் யுவர் ஐஸ்' எப்படியும் காதில் விழும், அதைத் தேட வேண்டாம். 'ஸ்டில் இன் லவ் வித் யூ' முதலில் கேளுங்கள், ஆட வைக்கிற பாட்டு. அடுத்து அதே பாட்டுகள் ஸ்விங் ஆல்பத்தில் எப்படி மாறியிருக்கின்றன என்று பாருங்கள். 'சம்திங் அபவுட் அஸ்' வரிகளோடு படித்துக்கொண்டே கேளுங்கள். யூரோவிஷன் பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அது கடைசியில் போதும்.